பத்துக்குப் பத்து

நான் பின்னால் வேலை பார்த்த மேடத்துக்கு, மூளையை அளக்கும் யோசனை முதன்முதலில் தோன்றியபோது வள்ளத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் என் அண்ணன் சிலுவை. அதனால் அந்தக் கதையை நான் இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறேன்.

அப்போது அவர் முழு இயற்பியலாளர். கடலுக்கடியில் சத்தம் எப்படிப் போகிறது, எங்கே வளைகிறது, எங்கே தேய்ந்து சாகிறது என்று பார்ப்பதுதான் வேலை. தூத்துக்குடிக்குக் கிழக்கே முத்துப்பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டு ஒன்றின் மேல் வள்ளத்தை நிறுத்தி, தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது அலையில் ஆடாமல் நிற்க அடியில் கல் கட்ட வேண்டும். சங்கு குளிக்கிற மூத்த குளியாளி ஒருவர் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கிக் கட்டிவிட்டு ஏறி வந்தார்.

"எத்தன கல்லு கட்டுனீங்க?" என்று இவர் கேட்டார்.

"மூணு."

நோட்டில் எழுதிக்கொண்டார். சற்று நேரம் கழித்துச் சரிபார்ப்பதற்காக மறுபடி கேட்டார். "ரெண்டு" என்றார் அவர். மூன்றாம் முறை கேட்டபோது அந்த மனிதர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எந்தக் கல்லும்மா?" என்றார்.

இவர் சொல்லும்போது கதையில் எண்கள் மட்டுமே இருக்கும். ஆழம் ஒன்பது பாகம், அதாவது ஐம்பத்து நான்கு அடி. நீருக்குள் இருந்த நேரம் நாற்பத்தொரு நிமிடம். முதல் பதிலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே நான்கு நிமிடம், அதற்கும் மூன்றாவதுக்கும் ஏழு. "கருவி எல்லாம் ஒழுங்கா வேல செஞ்சிட்டிருந்துது. பழுதானது அந்த மனுஷன்தான். அன்னிக்கித்தான் அளக்க வேண்டியத விட்டுட்டு வேற எதையோ அளந்துட்டு இருக்கேன்னு தோணிச்சி" என்று முடிப்பார்.

அண்ணன் சொல்லும் விதம் வேறு. "எந்தக் கல்லுன்னு அவரு கேட்டதும் நாங்க எல்லாரும் சிரிச்சோம்ளா. அந்தம்மா மட்டும் சிரிக்கல. பாத்தாவ பாரு ஒரு பார்வ! அவரு மூஞ்சியப் பாக்கல. தலையப் பாத்தாவ. மண்டைக்குள்ள எட்டிப் பாக்க எங்கயாச்சும் ஓட்ட இருக்கான்னு தேடுற மாரி."

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. தேடினால் கிடைக்கிற பெயர்தான். தெரியாத நாலு பேர் போய் அவரைத் திட்டுவது எனக்கு வேண்டாம். திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

நாசரேத்துக்காரர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். அந்த வீட்டில் ஜெபம், சாப்பாடு, பாடம் மூன்றுக்கும் மணி அடித்தது மாதிரி நேரம் இருந்ததாம். வெளிநாட்டில் ஒலி இயற்பியலில் பட்டம், திரும்பி வந்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, நல்ல பெயர். அந்த வள்ளத்துச் சம்பவத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, நாற்பத்திரண்டு வயதில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து மூளையைப் பற்றிப் படிக்கப் போய்விட்டார். முதல் செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு மூளையைக் கையில் கொடுத்தார்களாம். ஒரு பையன் வாந்தி எடுத்தான், ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். இவர், "தராசு எங்க இருக்கு?" என்று கேட்டாராம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. இதில் வேடிக்கை ஏதும் இருப்பதாக அவருக்குத் தெரியவே இல்லை.

அவருடைய குணம் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன் கிளைகள். அவர் எதை அளந்தாலும் அதன் முகத்தைப் பார்க்க மாட்டார்.

மெய்யாகவே சொல்கிறேன். ஒருவரை எதிரே உட்கார வைத்துச் சோதனை செய்யும்போது அவர் கண் நிறுத்தற்கடிகாரத்தில் இருக்கும், தாளில் இருக்கும், அந்த ஆளின் விரலில் இருக்கும். முகத்துக்கு மட்டும் வராது. "முகத்தப் பாத்தா பாவம் தோணும். பாவம் தோணுனா கை தப்பா எழுதும்" என்பார். நன்றாகச் செய்தாலும் நன்று என்று சொல்லக் கூடாது. தப்பாகச் செய்தாலும் உச்சுக் கொட்டக் கூடாது. நாமும் ஒரு கருவி. கருவிக்கு முகபாவம் கிடையாது.

அவருடைய மேஜைக் கண்ணாடிக்குக் கீழே பழைய ஆராதனை அட்டை ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் பென்சிலில் எண்கள்: 4, 4, 6, 5, 9, 14, 22. அதற்குப் பிறகு ஒரு கோடு. ஏதோ சோதனைக் கணக்கு என்று நினைத்து, "எந்த சப்ஜெக்ட் மேடம்?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா" என்றார். "கடைசியா விட்ட மூச்சுக்கு நடுவுல உள்ள நொடி."

அவரே சொன்னார்: "அழுவுறதுக்குப் பொறவு நேரம் கெடச்சுது. எண்ணுறதுக்கு அப்பந்தான்."

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா மீன் செதிலைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, "இந்தப் பொம்பளகிட்டயா நீ வேலைக்குப் போற?" என்றாள். நான் அம்மாவிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். எனக்கு அந்த அட்டை பிரமாதமாக இருந்தது. உலகத்தில் இப்படி ஒரு ஆள் இருக்க முடியுமா என்று இருந்தது. இயற்பியல் முதுகலை முடித்துவிட்டு, டியூஷன் எடுத்துக்கொண்டு, எங்கே பாய்வது என்று தெரியாமல் துள்ளிக்கொண்டிருந்த வயது. நேர்காணலில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இந்த மேஜை எவ்வளவு நீளம் இருக்கும்?" கண்ணால் பார்த்து, "நூத்தி நாப்பது சென்டிமீட்டர்" என்றேன். "பத்து சென்டிமீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டேன். "எவ்வளவு தப்பு இருக்கும்னும் சேத்துச் சொன்ன மொத ஆளு நீதான்" என்று அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

வேலை இதுதான். எங்கள் பக்கத்துக் குளியாளிகள் இப்போது மூச்சை அடக்கிக் குளிப்பதில்லை. வள்ளத்தில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடும். அதிலிருந்து ஒரு குழாய் போகும், அதைப் பல்லால் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் கிடந்து சங்கு பொறுக்குவார்கள். அழுத்தத்தில் உள்ளே போன காற்று, அவசரமாக மேலே ஏறும்போது ரத்தத்தில் குமிழி விடும். குமிழி மூட்டில் போனால் கடுப்பு. மூளைக்குப் போனால் என்ன ஆகும், எவ்வளவு ஆகும், எத்தனை வருஷத்தில் ஆகும்? அதைத்தான் அவர் அளக்க வந்திருந்தார். ஸ்கேன், கை வேகம், கண் மூடி நிற்பது, கடைசியாக ஒரு ஞாபகச் சோதனை. பத்துச் சொற்களை வாசிப்போம். கால் மணி நேரம் கழித்துக் கேட்போம். எத்தனை சொல்கிறார்களோ அத்தனை மதிப்பெண்.

கடற்கரையில் வலைக்கூடத்துக்குப் பக்கத்தில், ஐஸ் பெட்டி அடுக்கும் ஓர் அறையைச் சம்மாட்டிமார் ஒழித்துக் கொடுத்தார்கள். வள்ளத்தின் சொந்தக்காரர்களைத்தான் எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். அறை கொடுத்ததற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள்: யார் யாருக்கு ஞாபகம் குறைவு என்று பேரோடு பட்டியல் வேண்டும். இவர் யோசிக்காமல் சரி என்றார்.

"மேடம், பேரக் குடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"குடுத்தா அவங்களுக்குத்தான நல்லது? ஞாபகம் கொறஞ்சவரு ஆழத்துக்குப் போவாம இருப்பாரு."

அவர் மனத்தில் கெட்டது ஒன்றும் இல்லை. அதுதான் கசப்பு. கெட்டது இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

முதல் சுற்றில் பலர் ஐந்தைத் தாண்டவில்லை. அண்ணனுக்கு ஆறு. ஆறுக்குக் கீழே போனவர்களில் நாலு பேரைச் சம்மாட்டிமார் அடுத்த வாரமே வள்ளத்தை விட்டு இறக்கினார்கள். அதில் ஒருவர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"யம்மா, இருவத்திரெண்டு வருசமாக் குளிக்கேன். கழுத, வாழன்னு நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்லலன்னு என்னைய எறக்கி உட்டுட்டானுவ. கடலுக்கடியில கழுதையாம்மா மேயுது?"

"உங்க மூளைக்கு ஓய்வு வேணும் அண்ணாச்சி."

"மூள ஓய்வெடுக்கட்டும். நானும் எம் பிள்ளையளும் அதுவரைக்கும் என்ன செய்ய?"

இவர் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஆள் போன பிறகு என்னிடம், "நா குடுத்தது ஒரு எண்ணு. அத வச்சி அவங்க என்ன பண்ணுதாங்கங்கறது என் கையில இல்ல" என்றார். குரலில் ஒரு நெளிவும் இல்லை.

அன்றிலிருந்து கடற்கரைக்கு ஒன்று புரிந்துவிட்டது: இது சோதனை இல்லை, பரீட்சை. ஃபெயில் ஆனால் வள்ளம் கிடையாது.

குளிப்பு இல்லாத மாதங்கள் முடிந்ததும் இரண்டாம் சுற்று. ஒரே பட்டியலை இரண்டு தடவை கொடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? புதிதாக ஒரு பட்டியல் செய்து, பூட்டிய மேஜைக்குள் வைத்திருந்தார். நடுவில் ஏதோ கருத்தரங்குக்கு வெளிநாடு போக வேண்டி வந்தது. போகும்போது அந்தப் பத்துச் சொல்லையும் எனக்குக் காட்டிவிட்டுச் சொன்னது: "ஒரு சொல்லுக்கு ஒரு நொடி. குரல் ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. நா திரும்பி வாரதுக்குள்ள மனப்பாடமா வரணும்."

தாள் மேஜைக்குள் பத்திரமாக இருந்தது. சொற்கள் என் வாயில் இருந்தன. நான் வீட்டில் பழகினேன்.

தினமும் சாயங்காலம் செல்போனில் நொடிக்கு ஒரு டிக் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பேன். சாவி. குடை. ஆடு. மழை. ஊசி. பாலம். துணி. மணல். விளக்கு. கிணறு. எங்கள் வீடு இரண்டே அறை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், அண்ணன் பாயில் மல்லாந்து கிடப்பான்.

"என்னளா இது, செத்த வீட்டுல பேரு கூப்புடுற மாரி?" என்றாள் அம்மா.

எங்கள் தெருவின் அன்பியத்தில், அதாவது தெருக்காரர்கள் கூடும் ஜெபக்கூட்டத்தில், ஜெபமாலை முன்னால் நின்று சொல்பவள் அம்மாதான். ஜெபமாலை எப்படிப் போகும்? முதல் பாதியை ஒருவர் சொல்வார், மறுபாதியைக் கூட்டம் சொல்லும். நாலாம் நாள் நான் "ஊசி" என்று நிறுத்தி மூச்சு வாங்கியபோது, அடுப்படியிலிருந்து அதே ராகத்தில் மறுபாதி வந்தது: "பாலம் துணி மணல் விளக்கு கிணறு." அண்ணன் பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அது தமாஷாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது முழுப் பொய்.

குளிப்பு இல்லாத மாதங்களில் குளியாளிகள் வலைக்குப் போவார்கள்; அண்ணன் அதை வள்ளத்துக்குக் கொண்டு போனான். போகிற வழியெல்லாம் ஒருவன் முன்பாதி, மற்றவர்கள் பின்பாதி. எங்கள் கரையில் எந்தக் கிறிஸ்தவப் பிள்ளையும் ஜெபமாலையைத் தப்பாகச் சொன்னதில்லை. சாகக் கிடக்கிறவன்கூடச் சொல்லிவிடுவான், ஏனென்றால் அதை ஞாபகம் வைத்திருப்பது அவன் மட்டும் அல்ல, ஊரே. பக்கத்து வள்ளத்து முஸ்லிம் குளியாளிகள், "என்னடே, ஒங்க வேதத்துல மட்டுந்தான் இது இருக்கோ? எங்களுக்கும் சொல்லிக் குடுங்கலே" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

இரண்டாம் சுற்று. அவர் ஊர் திரும்பியிருந்தார். வழக்கம்போல ஆளுக்குப் பின்னால், பக்கவாட்டில், கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே. அன்று மூன்றாவதாக வந்தவர், கல்லை மறந்தாரே, அந்த மூத்த குளியாளி. சொற்களை வாசித்தேன். கால் மணி நேரம் கழித்துக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். பத்தும் வந்தன. வரிசை மாறாமல், ஐந்துக்குப் பிறகு சின்னதாக ஒரு நிறுத்தம் விட்டு. "கிணறு" என்றதும் கண்ணைத் திறக்காமலே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வாய்க்குள் "ஆமென்" என்றார்.

அந்த ராகம் எந்த அடுப்படியிலிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தேன். அவர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்: பத்து.

அடுத்து வந்தவர் "பிஸ்மில்லா" சொல்லித் தொடங்கினார். பத்து.

அன்று மதியம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் வேகமாக நடந்தார். அவர் நடையில் அப்படி ஒரு துள்ளலை நான் பார்த்ததில்லை. "பாத்தியாளா! மீளுதுளா! மூள மீளுது! ஓய்வு குடுத்தா சரியாவுது!" அதுவரைக்கும் அவர் என்னை எங்கள் ஊர் 'ளா' போட்டுப் பேசியதில்லை. ஆராய்ச்சி நிலையத்துத் தமிழ் கழன்று விழுந்து, நாசரேத்துப் பெண்பிள்ளை ஒருத்தி அந்த வெயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அன்று காலையில் முதல் ஆளாக உட்கார்ந்து பத்துக்குப் பத்து வாங்கிப் போனவன் என் அண்ணன். சொன்னால் அவன் எண் அழியும். அழிந்து மறுபடி அளந்தால் ஆறு வருமா, நாலு வருமா? அப்புறம் இன்னொன்று. அந்தச் சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்ததால் என் கை தப்பாக எழுதிவிட்டது.

அறிக்கை வந்தது, கட்டுரை வந்தது. சம்மாட்டிமார் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைச் சட்டம் போட்டு ஏலக்கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். இறக்கிவிடப்பட்ட நாலு பேரும் மறுபடி வள்ளம் ஏறினார்கள். அதில் ஒருவர், அந்தக் கழுதைக்காரர், ஒரு பெரிய சீலா மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வேண்டாம் அண்ணாச்சி, சோதனைக்கு வாரவங்ககிட்ட ஒண்ணும் வாங்கக் கூடாது. அளவு கெட்டுப் போவும்" என்று இவர் திருப்பி அனுப்பினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் போனது. ஒரு நாள் முற்பகல், பதினொரு பாகம் ஆழம். வள்ளத்தில் அண்ணனின் குழாயையும் கயிற்றையும் பிடித்திருந்தவன் மிக்கேல். மேலே இருப்பவன் கயிற்றை ஒரு தடவை சுண்டினால் "நல்லாருக்கியா" என்று அர்த்தம். கீழே இருப்பவன் ஒரு தடவை திருப்பிச் சுண்டினால் "நல்லாருக்கேன்". மிக்கேல் சுண்டினான். பதில் இல்லை. மறுபடியும் சுண்டினான். இல்லை. இழுத்து ஏற்றினார்கள். குழாய் வாயில்தான் இருந்தது, கண் திறந்துதான் இருந்தது. "ஏலே சிலுவ, ஒம் பேரச் சொல்லு" என்று மிக்கேல் கத்தியிருக்கிறான். அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "சாவி" என்றானாம்.

உயிர் தப்பினான். இடது பக்கம் போய்விட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கால் வந்தது, இழுத்து இழுத்து. இடக்கை பாதிதான் வந்தது.

மறுநாள் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"எத்தன பேரு?" என்றார்.

"எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"எல்லாருந்தான் மேடம். எங்க வீட்டுலருந்துதான் போயிருக்கு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் சுத்து, மொத நாளு."

நோட்டைத் திறந்து அந்தத் தேதியை எழுதினார். எனக்கு வெறி வந்துவிட்டது. "ஒரு நாளாச்சும் நீங்க மூஞ்சியப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்! ஒருத்தரு ஜெபம் சொல்லுதாரு, நீங்க மார்க் போடுதீங்க!"

அவர் பேனாவை மூடினார். "சத்தத்துக்குத் தன்னைய அளக்காங்கன்னு தெரியாது. எனக்கு அதுதான் பழக்கம்" என்றார். மன்னிப்புக் கேட்பதில் அவர் எட்டிய தூரம் அவ்வளவுதான். பேனாவை மறுபடி திறந்துகொண்டு கேட்டார்: "எத்தன பாகம்? எவ்வளவு நேரம் கீழ இருந்தான்?"

"பதினோரு பாகம். அம்பத்திரெண்டு நிமிஷம்" என்றேன்.

எனக்கு இன்றைக்கும் கசப்பது அந்தக் கேள்வி இல்லை, என் பதில்தான். என் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நான் துல்லியமாகச் சொல்கிறேன்.

அவர் ஒளிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். நேராக ஏலக்கூடத்துக்குப் போய், சம்மாட்டிமார் நடுவில் நின்று, அந்தத் தாள் தப்பு, கழற்றுங்கள் என்றார். அவர்களின் சங்கத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பம் மொதச் சுத்துல ஞாபகம் இல்லன்னு சொன்னதும் தப்பாத்தான் இருக்கும், என்னம்மா?" என்றார். "அது சரி, இதுதான் தப்பு" என்று இவர் விளக்க விளக்கக் கூட்டம் சிரித்தது. "இனிமே இங்கன பேப்பரத் தூக்கிட்டு வராதிய" என்று அறையையும் வாங்கிக்கொண்டார்கள். சட்டம் போட்ட தாள் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

கட்டுரை வந்த இதழுக்கும் திருத்தம் எழுதினார். ஐந்து வரி. அதில் ஒரு வரி: சொற்பட்டியல் ஆராய்ச்சி உதவியாளரின் வீட்டிலிருந்து வெளியே சென்றது. சத்தியமான வரி. பேரைச் சம்மாட்டிகளுக்குக் கொடுத்தது யார், அதனால்தான் குளியாளிகள் மனப்பாடம் செய்தார்கள் என்பதற்கு வரி இல்லை. அளக்க முடியாததை அவர் எழுதுவதில்லை.

ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணன்தான் கட்டிலில் இருந்தபடி, "வாங்கம்மா. கேளுங்க, பத்தும் சொல்லுதேன்" என்றான். அவர் உட்காரவில்லை. தன்னுடைய இரண்டு விரலை அவன் இடது உள்ளங்கையில் வைத்து, "அமுக்கு" என்றார். அமுக்கினான். வலது கையிலும் ஒரு தடவை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பாத்தியா, இங்க வந்தும் அளந்துட்டுத்தான போறாவ" என்றேன்.

"அமுக்கி முடிச்சும் அந்தம்மா வெரல எடுக்கலளா" என்றான் அண்ணன். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆனா இனிமே என்னைய யாரும் அளக்காதிய. நீயுந்தான்" என்றான்.

அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் சும்மா இல்லை. சும்மா இருக்க என்னால் முடியாது. மனப்பாடம் செய்ய முடியாத சோதனை எது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கிடைத்தது கயிறுதான். மேலே இருப்பவன் சுண்டுகிறான், கீழே இருப்பவன் பதில் சுண்டுகிறான். இடையில் எத்தனை நொடி? ஆழம் கூடக் கூட, நேரம் கூடக் கூட, பதில் தாமதம் ஆகிறதா? எந்த ஆளுக்கு வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது? அதை யாரும் வீட்டில் பழகிக்கொண்டு வர முடியாது.

கயிற்றில் கருவி கட்டிப் பார்த்தேன். ஒவ்வோர் அலையும் கயிற்றை இழுக்கிறது; கருவிக்கு அலையும் பதிலும் ஒன்றுதான். பழகிய கைக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிறது. ஆகவே கயிறு பிடிக்கிறவன், பதில் வந்ததும் பெருவிரலால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். குளியாளிகளிடம் பேசினேன். இந்தத் தடவை முதலில் சொன்னது இதுதான்: எண் முதலில் உங்களுக்கு, நீங்கள் சொல்லாமல் வேறு யாருக்கும் இல்லை. வெகுநேரம் ஏச்சு வாங்கினேன். கடைசியில் கழுதைக்காரர்தான் சொன்னார்: "கயித்தச் சிலுவ புடிச்சாம்னா நா எறங்குதேன். அவன் சம்மாட்டிகிட்டப் போய் ஊதமாட்டான்." அண்ணன் போன மாதத்திலிருந்து கயிறு பிடிக்கத்தான் வள்ளத்தில் போகிறான்.

திட்டத்தை இரண்டு பக்கம் எழுதி அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தவர்களில் அவருக்குத்தான் தெரியும். கயிறு பிடிப்பது என் அண்ணன் என்றும் எழுதியிருந்தேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. என் பெயர் இல்லை, அவன் எப்படி இருக்கிறான் என்று இல்லை. ஒரே வரி.

"கயிறு பிடிப்பவரின் தாமதத்தைக் கழித்தாயா?"

செல்போனைத் தூக்கி எறியப் போனேன். எறியவில்லை. அவர் சொன்னது சரி. கயிற்றின் இரண்டு முனையிலும் இரண்டு மூளை இருக்கிறது. பதில் வந்தது என்று உணர்ந்து பொத்தானை அமுக்க அண்ணனுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று தெரியாமல், கீழே இருப்பவனைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. சொன்னால் இன்னொரு பொய்யைச் சட்டம் போட்டு மாட்டுவேன்.

பொத்தானோடு முதல் தடவை வள்ளம் போவது திங்கட்கிழமை. அதற்கு முன்னால் அண்ணனைக் கரையில் உட்கார வைத்து அளக்க வேண்டும். அளக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், உன் பத்து பொய், மறுபடி அளந்தால் குறையலாம் என்று எனக்கு முதல் நாளே தெரியும், தெரிந்தும் மேடத்திடம் மறைத்து மூன்று மாதம் உன்னைக் கடலுக்கு அனுப்பினேன் என்று சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அவர் ஒருவருக்குத்தான் தெரியும்; அதையும் அவர் தேதியாக எழுதி வைத்திருக்கிறார்.

அண்ணன் இப்போது குளித்துக்கொண்டிருக்கிறான். வாளிச் சத்தம் கேட்கிறது. அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் எதிரே உட்காரப் போகிறேன். கடிகாரத்தை அடுத்த அறையில் வைத்துவிட்டேன்.